லாயலை வெட்டிவிட்டு எழுதிய சொல்

எங்கள் பள்ளிக்கூடத்துப் பியூன் ஓய்வு பெறுகிறார் என்றதும் ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைத்தான் கூப்பிட்டார். ஓய்வு பெறுகிறவரைப் பாராட்டி மேடையில் வாசித்து, சட்டம் போட்டுக் கையில் கொடுக்கும் தாளுக்கு எங்கள் பக்கத்தில் மங்களபத்திரம் என்று பெயர். வழக்கமாக அதை மலையாளத்திலோ தமிழிலோ எழுதுவார்கள்.

"இது இங்கிலீஷ்ல வேணும் டீச்சரே. மகளு அயர்லாண்டில நர்ஸாக்கும். லீவுல வந்திருக்கு. அது கொண்டுபோயி நாலு பேருக்குக் காட்டட்டு" என்றார்.

நான் அங்கே ஆங்கிலம் எடுக்கிறவள். மறுக்க வழியில்லை. மறுத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அந்த மனிதருக்குப் பாராட்டு எழுதத் தகுதியில்லாத ஒருத்தி அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்தாள் என்றால் அது நான்தான். ஆனால் அது எனக்கு மட்டுமே தெரியும் என்றும், எனக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும் என்றும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு பதினொரு வருடம் ஓட்டியிருந்தேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளறடையிலிருந்து மலைப்பக்கம் ஏறும் சாலையில் இருக்கிறது பள்ளிக்கூடம். மலையாளம் பிரிவும் உண்டு, தமிழ்ப் பிரிவும் உண்டு. மாடியில் ஒரு கோடியில் ஆசிரியர் அறை, மறுகோடியில் நூலகம். அந்த வருடம் நூலகப் பொறுப்பு என்னிடம். ஒரு சாவி பியூனிடம், இன்னொன்று என் கைப்பையில். பூஜை விடுமுறைக்கு முந்தின நாள் மாலை நாலு மணிக்கு அவர் வழக்கம்போல எல்லா அறைகளையும் அடைத்துக்கொண்டு போனார். நூலகத்தையும் அடைத்தார். பிறகு நான் போய்த் திறந்தேன். விடுமுறையில் வாசிக்க ஒரு புத்தகம் எடுக்க நினைத்தேன். உள்ளே பூஞ்சை வாடை. தமிழ்ப் புத்தக அலமாரிகளுக்குப் பின்னால் இருந்த சன்னலைத் திறந்துவிட்டு, நின்ற வாக்கிலேயே ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பாறசாலை பஸ் வளைவில் ஹாரன் அடித்தது. அதை விட்டால் அடுத்தது ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான். கதவைப் பூட்டினேன், ஓடினேன். சன்னல் ஞாபகத்தில் இல்லை.

கேட்டருகில் அவர் நின்றிருந்தார். "ஓடாதீங்க டீச்சரே, நான் கை காட்டுதேன், பஸ் நிக்கும்" என்றார். நிறுத்தியும் கொடுத்தார்.

ஐப்பசி மழை, எங்கள் பக்கத்தில் துலாம் மாத மழை. சாயங்காலமானால் இடியோடு வரும். விடுமுறை முழுக்க அந்தச் சன்னல் வழியாகத்தான் உள்ளே கொட்டியிருக்கிறது. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது இரண்டு அலமாரிப் புத்தகங்கள் ஊறி, வீங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. தமிழ்ப் பிரிவுப் பிள்ளைகளுக்கு எங்களிடம் இருந்ததே அந்த இரண்டு அலமாரிகள்தாம்.

பள்ளிக்கூடத்தை நடத்தும் மேனேஜர் வந்தார். ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் வைத்து விசாரித்தார். அப்போதிருந்தவர் வேறு ஹெட்மிஸ்ட்ரஸ். பொறுப்பாசிரியை என்பதால் நானும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பியூன் நின்றுகொண்டிருந்தார்.

"ஆராக்கும் அடைச்சது?" என்றார் மேனேஜர்.

"நானாக்கும் சார்."

"சன்னல் அடைச்சியா?"

அவர் தரையைப் பார்த்தார். பிறகு என்னை ஒருமுறை பார்த்தார். "அடைச்சதாட்டுத்தான் ஓர்மை சார். ஒருவேளை விட்டிருப்பேன். எனக்க தப்புதான்."

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கப்போகிறேன், இதோ இப்போது, மேனேஜர் அடுத்த கேள்வி கேட்பதற்குள் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அடுத்த கேள்வி வரவில்லை. அவருக்கு மெமோ கொடுத்தார்கள். சர்வீஸ் புத்தகத்திலும் ஒரு வரி ஏறியது.

அவர் என்னைப் பார்த்த அந்தப் பார்வையை நான் இப்படி அர்த்தப்படுத்திக்கொண்டேன்: நான் மாடியிலிருந்து கடைசியாக இறங்கி ஓடியதை இவர் பார்த்தவர். தெரிந்துதான் பழியை ஏற்கிறார். டீச்சரைக் காட்டிக்கொடுக்க மனமில்லை. இந்த எண்ணம் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவரே மறைக்கும்போது நான் போய்ச் சொன்னால் அவரைப் பொய்யராக்குவதாகும் என்றுகூட எனக்கு நானே வாதாடினேன்.

அதற்குப் பிறகு அவரிடம் தனி அன்பு காட்டினேன். கிறிஸ்துமஸுக்குக் கேக் வாங்கிக் கொடுத்தேன். அவர் மகள் பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தபோது வகுப்பு முடிந்தும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்து அலுவலகத்தில் கிளார்க் வேலை காலியானது. அதற்கான தேர்வை அவர் எப்போதோ எழுதித் தேறியிருந்தார். வேலை வேறொருவருக்குப் போனது. அந்த மெமோதான் காரணம் என்று நினைத்து அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே ஒரு நாள். மறுநாள் இறங்கியது.

இப்படிப்பட்டவருக்குத்தான் நான் மங்களபத்திரம் எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரியில் அவருடைய குணத்தைச் சொல்ல வேண்டும். கை தானாக லாயல் என்று எழுதியது. எழுதியதும் நின்றுவிட்டேன். யாருக்கு லாயல்? அந்தச் சொல்லைப் படிக்கிறவர் எவரும் அடுத்து அதைத்தான் கேட்பார்கள். பள்ளிக்கூடத்துக்கா, மேனேஜருக்கா? எனக்குத் தெரிந்த பதில்: எனக்குத்தான். தன்னிடம் இருப்பதை இழந்தும் ஒருவர் பக்கம் நிற்பவனைத்தான் லாயல் என்று நான் வகுப்பில் சொல்லுவேன். அதை எழுதினால் என்ன இழந்தார் என்பதும் எங்காவது எழுந்து நிற்கும் என்று பயந்தேன். வெட்டினேன்.

டிவோட்டட் என்று போட்டுப் பார்த்தேன். கோயிலில் மணியடிப்பவர் போல இருந்தது. சின்சியர் என்றால் எங்கள் ஊரில் எல்லாரும் சின்சியர்தான், விண்ணப்பக் கடிதத்தின் அடியில் வரும் சொல். ட்யூட்டிஃபுல்லில் அன்பு இல்லை. ட்ரஸ்ட்வொர்த்தி என்று எழுதும்போது பேனா நின்றேவிட்டது. நம்பத் தகுந்தவர் அல்ல என்று ஒரு மெமோ அவருடைய சர்வீஸ் புத்தகத்தில் கிடக்க, அதற்குக் காரணமானவளே இதை எழுதுவதா? அகராதியை மூடிவைத்தேன். மலையாளத்தில் இதற்குக் கூறு என்கிறோம், தமிழில் விசுவாசம் என்கிறோம். பியூனும் குடும்பமும் போகும் சர்ச்சில் விசுவாசி என்றால் சபையில் ஒருவர் என்று மட்டும்தான் பொருள். அந்தச் சொல் யாருக்கும் உறுத்தாது. ஃபெய்த்ஃபுல் என்று எழுதினேன். யாரும் யாருக்கு என்று கேட்க மாட்டார்கள். வேலைக்காரருக்குச் சொல்வது வழக்கம்தானே என்றும் ஒரு குரல் உள்ளே சொன்னது. அந்தக் குரலும் என்னுடையதுதான்.

வெள்ளறடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கும் டிடிபி கடையில் கொடுத்து அச்சடித்தேன்.

விழா நாளில் மேடையில் நானே வாசித்தேன். அவர் வெள்ளைச் சட்டை போட்டு, இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, ஒரு சொல்லும் விடாமல் கேட்பவர்போல முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டத்தை வாங்கும்போது, "டீச்சர் எழுதினா தப்பு தெற்று வராது" என்றார்.

சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில் அவர் மகள் என்னைப் பிடித்துக்கொண்டாள். சிரித்த முகம்தான்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டா? ஃபெய்த்ஃபுல்னு போட்டது எதுக்கு? டீச்சர்தான எங்களுக்குச் சொல்லித் தந்தது, ஃபெய்த்ஃபுல் கீழ நிக்கும், லாயல் பக்கத்துல நிக்கும்னு. எனக்கு இப்பமும் ஓர்மை உண்டு. அப்பா ஆருக்குக் கீழ நின்னாரு?"

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். பழைய பாடத்தை மறக்கவில்லை என்று காட்டத்தான் கேட்டாள்.

"நான் லாயல்னுதான் எழுதினேன் மக்கா. டிடிபி கடையில மாத்திப்போட்டுட்டாங்க. கடைசி நேரம், நோக்க முடியல்ல" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது! மூச்சு விடுகிற மாதிரி வந்தது.

"அவ்வளவுதானா? நான் வேற அடிச்சு வாங்கிக்கிடுதேன் டீச்சர். திங்கக்கிழமைதான் எனக்கு பிளைட்டு."

மறுநாள் வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளிடமிருந்து போன் வந்தது. குரல் தணிந்திருந்தது. "டீச்சர், கடைக்குப் போனேன். அந்த அண்ணன் டீச்சர் எழுதின பேப்பரை எடுத்துக் காட்டினாரு. லாயலை வெட்டிட்டு எழுதியிருக்கு." கொஞ்சம் நிறுத்தினாள். "அது பரவாயில்ல. டீச்சருக்கு அதுதான் நல்லதுன்னு தோணியிருக்கும். ஆனா அந்த அண்ணன்கிட்ட நான் சத்தம் போட்டுட்டேன். அவருக்குச் சங்கடமாயிப் போச்சு. பிறகு மன்னிப்புக் கேட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு நான் சமையலறையில் நின்றேன். நான் செய்ததற்கு இன்னொருவன் ஏச்சு வாங்கியிருக்கிறான். இது இரண்டாவது ஆள். பதினொரு வருடத்தில் நான் கற்றுக்கொண்டது இதையே இன்னும் வேகமாகச் செய்ய மட்டும்தான்.

சனிக்கிழமை காலையில் முதலில் டிடிபி கடைக்குப் போய் அந்தப் பையனிடம் தப்பு என்னுடையது என்று சொன்னேன். "போகட்டு டீச்சரே" என்று சொல்லிவிட்டு அவன் வேலையைப் பார்த்தான். அங்கிருந்து கள்ளிக்காட்டுக்குப் பஸ் ஏறினேன். அவர் வீடு அங்கே, அணைக்குப் போகும் சாலையிலிருந்து இறங்கும் ஒரு சரிவில். இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூடப் போனதில்லை.

என்னைப் பார்த்ததும் அவருக்குக் கைகால் ஓடவில்லை. "இஞ்ச வாருங்க டீச்சரே, இருங்க" என்று நாற்காலியைத் துடைத்தார். அவருடைய மனைவி கட்டன்சாயாவும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் கொண்டுவந்து வைத்தார். மகள் பெட்டி அடுக்குவதை விட்டு வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள். சட்டம் போட்ட மங்களபத்திரம் சுவரில் இருந்தது. நான் சாயாவைத் தொடாமல் சொல்ல ஆரம்பித்தேன். புத்தகம் எடுக்கப் போனது, சன்னலைத் திறந்தது, பஸ், மழை, மேனேஜர் அறை. நீங்கள் என்னைக் காப்பாற்றினீர்கள், அதற்கு ஒரு சொல்கூட எழுத எனக்குத் தைரியம் வரவில்லை என்பது வரைக்கும் சொன்னேன். சொல்லி முடித்ததும் அழுதேன். அழுதால் அவர் ஆறுதல் சொல்வார் என்ற எதிர்பார்ப்பும் அந்த அழுகையில் இருந்தது.

அவர் ஆறுதல் சொல்லவில்லை.

"டீச்சரா திறந்தது?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

"நான் அடைச்சிருந்தேனா அப்போ?"

"அடைச்சிருந்தீங்க அண்ணே. சன்னல்ல கொளுத்துப் போட்டிருந்துது. நான்தான் எடுத்துத் திறந்தேன்."

அவர் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். பிறகு மெல்ல, "நீங்க மாடியிலயிருந்து இறங்கி ஓடினதை நான் கண்டேன். ஆசிரியர் அறையிலயிருந்து வாறியளுன்னு நினைச்சேன். நூலகத்துக்குப் போனது எனக்கு அறியாதே" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. அவர் எனக்காகப் பழி ஏற்கவே இல்லை. தான்தான் மறந்துவிட்டோம் என்று உண்மையாகவே நம்பியிருக்கிறார். அன்று மேனேஜர் அறையில் அவர் என்னைப் பார்த்தது, என் புத்தகங்களைப் பாழாக்கிவிட்டோமே என்ற வெட்கத்தில்.

மனைவிதான் வெடித்தார். "அப்போ இந்த மனுசனுக்கு ஓர்மைப்பிசகு ஒண்ணும் இல்லியா? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு விட்டா, சோறு தின்னாம பஸ் ஏறிப் போவாரு, பூட்டை நோக்க. மழை இரைஞ்சா இருப்புக் கொள்ளாது. இவளு முதல்ல வெளிநாட்டுக்குப் போற அண்ணைக்கு, பாதி வழியில காரைத் திருப்பச் சொன்னாரு. வீட்டைப் பூட்டினேனான்னு ஓர்மையில்லையாம். பிள்ளைக்கு பிளைட்டு போயிருக்கும். நான் வாயில வந்ததெல்லாம் சொன்னேன் அண்ணைக்கு."

"நானும் சொன்னேன்" என்றாள் மகள். அவள் என்னைப் பார்க்கவில்லை, தன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மூளை நரம்பு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். மூணு வருசமா மாத்திரை தின்னுதாரு டீச்சர்."

"அந்த கிளார்க்கு வேலை..." என்று நான் ஏதோ சொல்ல வந்தேன்.

"அது எனக்குத்தான் தந்தாங்க" என்றார் அவர். "நான்தான் வேண்டாம்னு எழுதிக் கொடுத்தேன். மெமோ அதுக்குத் தடை இல்லன்னு ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லியும் கேக்கல்ல. ஒரு சன்னலை அடைக்க ஓர்மையில்லாதவன் பிள்ளைகளுக்க சர்டிபிகேட்டு இருக்கிற அலமாரிச் சாவியை எங்ஙன வச்சிருப்பேன்? அங்ஙனயாக்கும் நினைச்சேன்."

கீழே சாலையில் ஓர் ஆட்டோ ஏற முடியாமல் முக்கிக்கொண்டு போனது.

"மன்னிச்சிடுங்க அண்ணே."

"டீச்சரே, நீங்க நான் உங்களைக் காப்பாத்தினேன்னு நினைச்சியளா இத்தன நாளும்?" அவருடைய குரல் உயரவில்லை. "நான் அங்ஙன உள்ள ஆளு இல்ல. அறிஞ்சிருந்தா அண்ணைக்கே சார்கிட்டச் சொல்லியிருப்பேன். எதுக்கு மறைக்கணும்? இந்த லாயல், ஃபெய்த்ஃபுல் ஒண்ணும் எனக்கு அறியாது. அண்ணைக்கு நீங்க, நானாக்கும் திறந்ததுன்னு ஒரு வாக்கு சொல்லியிருந்தா போதுமாயிருந்து."

என் மனத்தில் இத்தனை காலம் நான் வைத்துப் பூசித்த ஒரு மனிதர், எனக்காகத் தோள் கொடுத்த மனிதர், அப்படி ஒருவர் இருக்கவே இல்லை. அந்த லாயல் என் கற்பனை. நான் செய்த கேடு மட்டும்தான் உண்மை. அவர் வேலையையோ பேரையோ அல்ல, தன்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையை நான் எடுத்திருந்தேன். சட்டம் போட்ட தாளில் அதற்கு ஈடாக அழகான ஓர் ஆங்கிலச் சொல்லை எழுதிக் கொடுத்திருந்தேன்.

மேனேஜருக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று சொன்னேன். எழுதிவிட்டு அப்பாவிடம் காட்டச் சொன்னாள் மகள். பஸ் ஸ்டாப் வரை அவள் கூட வந்தாள். பஸ் வந்ததும், "அந்த மாத்திரையை நிறுத்தலாமான்னு டாக்டர்கிட்டக் கேக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

அன்று மாலையே மலையாளத்தில் எழுதினேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் சர்ச்சிலிருந்து வந்த பிறகு கொண்டுபோனேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக, உதடு அசைய வாசித்தார். சன்னலைத் திறந்தேன், அடைக்க மறந்தேன், அதனால் புத்தகங்கள் நனைந்தன என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"மறந்தேன்னு மட்டும் எழுதியிருக்கு."

"ஆமா அண்ணே."

"மறந்தது ஒரு நாளு. அது ஆருக்கும் உள்ளது. மறைச்சது பதினொண்ணு வருசம். ரெண்டும் வேற வேற இல்லியா டீச்சரே? மறைச்சேன்னும் எழுதணும்."

அவர் மேசையில் வைத்தே எழுதிச் சேர்த்தேன். மகள் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை கொடுத்தேன். ஹெட்மிஸ்ட்ரஸ் வாசித்துவிட்டு, "அவர் சர்வீஸ்லயிருந்து பிரிஞ்சு போயாச்சு. இனி இது எதுக்கு டீச்சரே? உங்களுக்கும் ரெண்டு வருசம்தான இருக்கு?" என்று தாளைத் திருப்பி நீட்டினார். நான் வாங்கவில்லை. வாங்கிவிடுவேன் என்று எனக்கே பயமாக இருந்ததால் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். இரண்டு வாரம் கழித்து எனக்கு மெமோ வந்தது. அவருடைய சர்வீஸ் புத்தகத்தில் பழைய வரிக்குக் கீழே, அது தவறாகப் பதியப்பட்டது என்று ஒரு வரி சேர்த்தார்கள். அதன் நகலை நானே கள்ளிக்காட்டுக்குத் தபாலில் அனுப்பினேன். ஆசிரியர் அறையில் சிலர் என்னைப் பெரிய மனசுக்காரி என்றார்கள். அதைக் கேட்கும்போது எழுந்து வெளியே போய்விடுவேன்.

மங்களபத்திரத்தை வேறு எழுதித் தரட்டுமா என்று போனில் ஒருமுறை கேட்டேன். "எழுதினது இருக்கட்டு டீச்சரே" என்றார். அதற்குமேல் கேட்கவில்லை. அதை இன்னும் சுவரில் வைத்திருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது.

போன மாதம் வெள்ளறடைச் சந்தையில் அவரைப் பார்த்தேன். மெலிந்திருந்தார், ஆனால் முகம் தெளிந்திருந்தது. கூட அம்பூரிக்காரர் ஒருவர், அவருக்கு உறவு. "சுகந்தானே டீச்சரே?" என்று எப்போதும் போலக் கேட்டார். நான் மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். நிறுத்திவிட்டதாகச் சொன்னார். அந்த உறவுக்காரர் நான் யார் என்று பார்வையால் கேட்டார்.

"ஸ்கூல்ல உள்ள டீச்சராக்கும்" என்றார் அவர்.

முன்பெல்லாம் யாரிடமாவது என்னைச் சொல்லும்போது, நல்ல டீச்சர், எனக்க மகளுக்கு இங்கிலீஷ் படிப்பிச்ச டீச்சர் என்று இரண்டு சொல் கூட்டித்தான் சொல்வார். அன்றும் நான் அதற்குக் காத்து நின்றேன். அவர் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "பஸ்ஸு வருது, வாறேன் டீச்சரே" என்று நடந்தார்.